தைப்பூசத்து எடை

“...குட்டி வெயிட்டை எவ்வளவு வேணும்னாலும் எழுதிக்குங்கண்ணே. என் வெயிட்டை மட்டும் பேப்பர்ல போட்டீங்க... அப்புறம் கேட்டைத் திறக்க மாட்டேன், ஆமா!”

சொன்னவர் லெட்சுமி அக்கா. கிள்ளானில் காலையில் பள்ளி வேன் ஓட்டுகிறார். மீதி நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஆடுகளோடு. பத்திரிகையில் எழுதுகிற நான், சனிக்கிழமை தோறும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அவரிடம் ஆட்டுப்பால் வாங்கப் போவேன். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர்? இருவருமே கேட்டுக்கொண்டதில்லை - அதுதான் மரியாதை.

போன சனிக்கிழமை, குச்சிக்கு எடை பார்க்கும் நாள்.

குச்சி, மூன்று குட்டிகளில் கடைசி. தாய்க்கு மடிக்காம்பு இரண்டுதானே? முந்திக்கொண்ட இரண்டும் கொழுத்தன, இது இளைத்தது. வேன் பிள்ளைகள் வைத்த பெயர் குச்சி. தனிக் கொட்டகை, புட்டிப்பால், இளம் இலை... எல்லாம் அக்காவின் உபசாரம். எட்டுக் கிலோவைத் தொட்டால் புட்டிப்பாலை நிறுத்திவிட்டுப் பெரிய கொட்டகைக்கு மாற்ற வேண்டும் என்பது அவர் திட்டம்.

ஆட்டுக்குட்டி தராசில் நிற்குமா? அதனால் குட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா ஏறுவார். வருகிற எண்ணில் தன் எடையைக் கழிப்பார். அவர் எடை சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது.

“முத வாரம் ஆறு. அப்புறம் ஏழு. இன்னைக்கு... எட்டு! பாத்தீங்களாண்ணே? நாளைக்கே பெரிய கொட்டகைதான்!”

குச்சியின் வயிறும் உருண்டையாகத்தான் இருந்தது. நானும் கை தட்டினேன்.

அப்போதுதான் லோரியை நிறுத்திவிட்டு வந்தார் அவர் கணவர் மணி. தராசைப் பார்க்கவேயில்லை. குட்டியின் முதுகில் விரல்களை ஓட்டினார்.

“எங்க ஏறுச்சு? முதுகெலும்பு சீப்பு மாதிரி குத்துது.”

“வயிறு ரொம்பியிருக்கே?” என்றேன்.

“அது பூச்சி வயிறுண்ணே. சாப்பிட்ட வயிறு இல்ல.” கீழ் இமையை மெல்ல இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. “ரத்தமே இல்ல பாருங்க. இதப் பெரிய கொட்டகையில விட்டா மத்ததுங்க தீனிகிட்டயே விடாது. ரெண்டு நாள் தாங்காது.”

கடைசியாக ஒன்று சொன்னார்: “கண்ணு ஆசையச் சொல்லும்... கைதான் உள்ளதச் சொல்லும்.”

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அப்ப தராசு பொய் சொல்லுதா?”

மணி சுவரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். “இந்த நம்பர் எப்ப எழுதுனது?”

“தைப்பூசத்துக்கு...”

“நாப்பத்தெட்டு நாள் விரதம் முடிஞ்ச அன்னைக்கா? அதுக்கப்புறம் எத்தனை கல்யாணம், எத்தனை பிரியாணி! ரெண்டு கிலோ ஏறுனது நெசந்தான் லெட்சுமி. குட்டி ஏறல... அப்ப யாரு?”

“சும்மா இருங்க லா! அண்ணே முன்னால...”

நான் கொட்டகைக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும் போனது. நம்மில் யார்தான் நம்முடைய நல்ல நாள் எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு உலகத்தை அளக்காமல் இருக்கிறோம்? பிரியத்தில் அளந்தால் எல்லாக் குட்டியும் எட்டுக் கிலோதான்.

மணி போனை எடுத்தார். “டாக்டரக் கூப்பிடுறேன். பூச்சி மருந்துக்கு மொதல்ல வெயிட்டுதான் கேப்பாரு. இத்தனூண்டு குட்டிக்கு எட்டுக் கிலோ குட்டிக்கான மருந்தக் கொடுக்க முடியாது. சரியாச் சொல்லு, எவ்வளவு?”

அக்கா குச்சியின் முதுகைத் தன் விரலாலேயே ஒருமுறை தடவிப் பார்த்தார். கண் கலங்கியது. குட்டியை என் கையில் கொடுத்தார். முந்தானையால் சுவரில் இருந்த எண்ணை அழுத்தித் துடைத்தார்.

பிறகு, எங்கள் இருவருக்கும் முன்னால், தனியாகத் தராசில் ஏறினார்.