அமாவாசைக்குத் தர்ப்பை

மகளுக்கு டெல்லி மோதி பாக்கில் கிடைத்த அரசாங்க குவார்ட்டர்ஸின் முன்னால் கொஞ்சம் மண் உண்டு. அதில் அவள் ஆசையாகப் போட்ட புல்தரை ஒரே ஜூன் வெயிலில் கருகிவிட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு ஏது நேரம்? பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவர், விழிக்கும்போது நான் கண்ணில் படாவிட்டால் தானே எழுந்திருக்கப் பார்ப்பார். ஒருமுறை அப்படித்தான் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மகள் ஆபீஸிலிருந்து திரும்பும்வரை நான் கேட்டைத் தாண்டுவதில்லை.

தோட்டக்காரர் யமுனைக் கரையிலிருந்து தர்ப்பையை வேரோடு கொண்டுவந்து நட்டார். தண்ணீரே வேண்டாம் என்றார். சொன்னபடியே வெயில் ஏற ஏற அது நிமிர்ந்துகொண்டு நின்றது. எனக்கு எரிச்சலாக வந்தது. போட்ட இடத்திலேயே கிடக்க இந்த வீட்டில் நான் ஒருத்தி போதாதா?

தர்ப்பை இருக்கும் செய்தி காலனித் தமிழர்களுக்குள் பரவியது. அமாவாசைதோறும் காலையில் நாலைந்து பேர் தர்ப்பணத்துக்கு அறுத்துப்போக வந்தார்கள். அவர்களைச் சுலபத்தில் விடமாட்டேன். காபி கொடுத்து உட்கார வைப்பேன். சரோஜினி நகர் மார்க்கெட்டில் கூட்டம் எப்படி, யாருக்கு மாற்றல், யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அந்த ஒரு காலையை நம்பித்தான் மாதம் முழுவதும் ஓட்டினேன்.

ஆவணி அமாவாசையில் அறுத்த தர்ப்பை வருஷம் முழுக்க ஆகும் என்பது சாஸ்திரம். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த அவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். நான் மூச்சுவிடவில்லை.

போன ஆவணியில் பக்கத்து பிளாக் இளைஞர் மட்டும் பெரிய பையோடு வந்தார்.

"மாமி, இன்னிக்குக் கட் பண்ணினா ஒரு வருஷம் வருமாமே, யூடியூப்ல பாத்தேன். எல்லாருக்கும் சேத்து நானே எடுத்துண்டு போயிடறேன். மாமாவையும் பாத்துண்டு, மாசாமாசம் எங்களோட உங்களுக்கு எவ்வளவு பரேஷானி."

"அதெல்லாம் ஒரு சிரமமும் இல்லப்பா."

"நீங்க அப்படித்தான் சொல்வேள். இனிமே ஒருத்தரும் தொந்தரவு பண்ணமாட்டோம். அச்சா மாமி, வரேன்."

சும்மாவாவது வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று கெஞ்ச வேண்டும்போல் இருந்தது. "சரிப்பா" என்றேன்.

அடுத்த அமாவாசைக்கு யாரும் வரவில்லை.