என் கிணற்றில் நீலம்

இரு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணற்றடியில் அண்ணையோடு சண்டை வந்ததிலிருந்து அவர் வீட்டில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. வீறாப்பாக என் வளவுக்குள் தனிக் கிணறும் வெட்டினேன்.

போன மாதம் புத்தூரில் நிலத்தடி நீர் பற்றி ஓர் அறிவியல் பேச்சு நடந்தது. போனால், முன் வரிசையில் அண்ணையின் மனைவி, என் மச்சாள், இருந்தார். நான் பின்னால் தள்ளி உட்கார்ந்தேன்.

பேச வந்த பெண் ஒரு கண்ணாடித் தொட்டியில் எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கற்களையும் தண்ணீரையும் நிரப்பி, இரண்டு குழாய்களைக் கிணறுகளாக நட்டிருந்தார். ஒன்றில் நீல மையை ஊற்றி, மற்றதிலிருந்து தண்ணீரை உறிஞ்சினார்.

“இப்ப வடிவாப் பாருங்கோ.”

கல்லின் பொந்துகள் வழியே நீலம் மெல்ல ஊர்ந்தது. இரண்டாவது குழாயும் நீலமானபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் நடந்து திரிகிற நிலத்துக்கு அடியில் இப்படியொரு உலகமா!

மச்சாள் திரும்பி என்னைத் தேடினார்.

“அப்ப நீர் இவ்வளவு நாளும் குடிச்சது எங்கடை தண்ணியோ?”

“ஓம் மச்சாள். நீங்கள் குடிச்சதும் என்ரைதான்.”

அன்று பின்னேரம் அண்ணை வீட்டு மோட்டர் ஓடும் சத்தம் கேட்டது. என் வளவுக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அதை என் கிணறு என்று சொல்ல வாய் வரவில்லை.