ஹாரனும் அடிக்கவில்லை

மகேந்திரனின் ஷெட்டுக்கு ஒரு வண்டி வந்து நின்றால் அவன் முதலில் பானட்டைத் திறக்கமாட்டான், வாயைத்தான் திறப்பான். "இதுல கடைசியாக் கை வச்ச புண்ணியவான் யாருங்க?" என்று ஆரம்பிப்பான். ஃபியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டித் தாளைச் சுருட்டி வைத்தவன், ஒயரை முறுக்கி பிளாஸ்திரி ஒட்டியவன், எல்லாருக்கும் ஒரு சுற்று அர்ச்சனை நடக்கும். மைசூர் தேவராஜ மொஹல்லாவுக்குப் பின்னால், இரண்டு வண்டி சேர்ந்து போக முடியாத ஒரு சந்தில், பதினெட்டு வருஷமாக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறான். ஹனூர்ப் பக்கத்துக்காரன். வேலையில் சூரன். சூரன் என்பது அவனுக்கும் தெரியும், தொல்லையே அதுதான்.

அன்று வியாழக்கிழமை மதியம் அந்த வாய் மூடிக் கிடந்தது. ஷெட்டுக்குள் நின்றது, நாலு வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டும் பாலனுடைய பழைய பன்னிரண்டு சீட் வேன். வண்டிக்கு வயசு இருபத்தைந்து இருக்கும். அதன் ஹெட்லைட் இரண்டும் எதிர்ச் சுவரில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தன. நன்றாக எரிகிற விளக்கைப் பார்த்து ஒரு எலக்ட்ரீஷியன் நொந்துபோவதை அந்தச் சந்து அன்றைக்குத்தான் பார்த்தது.

ஓரத்தில் கிடந்த டயரின் மேல் சேகரன் உட்கார்ந்திருந்தார். இடக்கை கழுத்துக் கட்டில் தொங்கியது. பதினோரு வருஷம் இந்த வேனை ஓட்டிய மனுஷர். ஒரு மாதத்துக்கு முன்னால் மாதேஸ்வரன் மலையிலிருந்து பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, சாயங்காலம் ஆறரை மணிக்கு, மூடுபனியில், ஒரு கொண்டையூசி வளைவில் தடுப்புச் சுவரில் மோதிவிட்டார். சுவர் தாங்கியது. தாங்காமல் போயிருந்தால் அத்தனை பேரும் பள்ளத்தில்தான். நல்லவேளை, மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. சேகரனுக்குத்தான் தோள்பட்டைப் பக்கம் எலும்பு முறிந்தது.

"லைட்டு ரெண்டும் ஒண்ணாப் போயிருச்சு" என்றார் அவர், அன்றும் அதற்குப் பிறகும். ஆனால் பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் ஓடி வந்தபோது, இடப்பக்க விளக்கு நொறுங்கிக் கிடந்தாலும் வலப்பக்க விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அப்புறம் எவன் நம்புவான்? தூங்கிவிட்டான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பாலன் அவரை வேலையை விட்டு நிறுத்தினான். இன்று ஐந்து மணிக்கு வேன் ஓனர்கள் சங்கத்தில் கூட்டம். சேகரனுக்கு இனி மைசூரில் யாரும் வண்டி கொடுக்கக்கூடாது என்று தீர்மானம் போடப்போகிறார்கள்.

நசுங்கிய இடத்துக்கு டிங்கரிங் முடிந்து, முன்பக்கம் பெயிண்ட் அடித்து, வேன் முந்தாநாள்தான் மகேந்திரனிடம் வந்தது. புது விளக்கு மாட்ட வேண்டும், அவ்வளவுதான் அவன் வேலை. நாலு மணிக்குப் பாலன் வந்து எடுத்துப் போவான். காலையிலேயே சேகரன் வந்து நின்றுவிட்டார். "ஒரே ஒருவாட்டி அணைஞ்சு காட்டட்டும் தம்பி. பாலன் கண்ணுக்கு முன்னால. அது போதும்."

விளக்குக்கு அந்த இரக்கம் வரவில்லை. மகேந்திரன் ஃபியூஸைப் பார்த்தான், ரிலேயைக் கழற்றி மாட்டினான். டிம், பிரைட் சுவிட்சை நூறு தடவை தட்டினான். இன்ஜினை ஓடவிட்டு, சூடேறட்டும் என்று அரைமணி காத்திருந்தான். ஒவ்வொரு இடத்திலும் மீட்டரின் முனையை வைத்துப் பார்த்தான். எல்லாம் சரி, எல்லாம் சரி என்றது மீட்டர். மணி மூன்றாகிவிட்டது.

"ஏன் தம்பி," சேகரன் மெதுவாகக் கேட்டார், "ஒருவேளை நான் தூங்கித்தான் இருப்பனோ?"

மகேந்திரனுக்குச் சுருக்கென்றது. "என்னண்ணா பேசறீங்க?"

"இல்ல... வடிவு தெனமும் கேக்கறா. நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, கண்ணு அசந்துட்டீங்களான்னு. மொதல்ல கோவம் வந்துச்சு. இப்ப எனக்கே சொல்ல முடியல. கனவுல அந்த வளைவுதான் வருது. ஒரு நாளு முழிச்சுட்டு ஓட்டறேன், ஒரு நாளு தூங்கிட்டு ஓட்டறேன். எது நெசம்னு தெரியல தம்பி."

கட்டிய பெண்டாட்டியே நம்பாத இடத்தில் சங்கத்தைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? மகேந்திரனுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று அவனுக்கே தெரியவில்லை. மீட்டரை மேசையில் வைத்துவிட்டு அவர் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணா, தூங்கினது தூங்காதது கெடக்கட்டும். லைட்டு போறதுக்கு முந்தி உங்க கை என்ன பண்ணுச்சு? கையக் கேட்டுச் சொல்லுங்க."

சேகரன் வலக்கையைப் பார்த்தார். "வளைவுல எதுக்க வண்டி வருமேன்னு ஹாரன் அமுக்கினேன். ரோட்டுல ஒரு பள்ளம், தூக்கிப் போட்டுச்சு. ஹாரன் கர்ருன்னு பாதியில நின்னுபோச்சு. லைட்டும் போயிருச்சு. மறுபடி மறுபடி அமுக்கினேன், ஹாரன் அடிக்கவே இல்ல."

"ஹாரனுமா? இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொன்னனே! பாலன் சிரிச்சுட்டான். தூங்கறவன் காதுல ஹாரன் எப்படிக் கேக்கும்னு."

மகேந்திரன் சடாரென்று எழுந்தான். இந்த வண்டியில் ஹாரனுக்கு ஃபியூஸ் வேறு, விளக்குக்கு ஃபியூஸ் வேறு. சுவிட்சும் வேறு, ஒயரும் வேறு. கரண்ட் போகிற வழியில் இரண்டும் எங்கேயும் சந்திப்பதில்லை. திரும்பி வருகிற வழியில்தான் சந்திக்கும். இரண்டு விளக்கு, ஒரு ஹாரன், மூன்றுக்கும் எர்த் ஒயர் ஒன்றாகச் சேர்ந்து பம்பருக்குப் பின்னால், வண்டியின் அடிச்சட்டமான சேஸில், ஒரே போல்ட்டில் முடிகிறது. அந்த எர்த்தையும் காலையில் சோதித்திருந்தான், மீட்டர் சரி என்றுதான் சொல்லியிருந்தது. ஆனால் ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு ஏது பள்ளம்?

"சேகரண்ணா, ஏறி உக்காருங்க. நான் சொன்னா ஹாரன அமுக்குங்க, விடாதீங்க!"

வண்டிக்கு முன்னால் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எர்த் ஒயரின் மேல் வைத்தான். "ம், அமுக்குங்க!" ஹாரன் சந்தே அதிரக் கத்தியது. ஒயரை அசைத்தான். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அழுத்தி ஆட்டினான். கர்ரென்று ஒரு சத்தம், அத்தோடு ஹாரன் நின்றது. சுவரில் அடித்த வெளிச்சம் பொசுக்கென்று செத்தது.

மேலே வேனுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அய்யோ மாதேஸ்வரா! இதேதான்! இதேதான் தம்பி!" ஐம்பது வயசு மனுஷர், ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதார். "நான் தூங்கல. நான் தூங்கல சாமி..."

கீழே படுத்திருந்தவன் வாய் நிறையச் சிரித்தான். எந்தப் புண்ணியவான் கை வைத்த வேலை இது என்று கேட்பதற்கு நாக்கு துறுதுறுத்தது. டார்ச்சைப் பிடித்து போல்ட்டைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

ஒயரின் வளையத்துக்கும் சேஸ் இரும்புக்கும் நடுவில் கறுப்புப் பெயிண்ட் இருந்தது. பிரஷ்ஷால் தடவிய பெயிண்ட். இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் மொத்தமாக ஒரு பூச்சு. போல்ட்டின் மரை மட்டும் எங்கேயோ தொட்டுக்கொண்டு கரண்டைக் கடத்தியிருக்கிறது. பள்ளத்தில் தூக்கிப் போட்டு அதுவும் தளர்ந்ததும் விட்டுவிட்டது. சுவரில் மோதிய வேகத்தில் திரும்ப ஒட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி எரிந்திருக்கிறது.

தசராவுக்கு முன்னால் மகேந்திரன் ஒரு காரியம் பண்ணுவான், வருஷா வருஷம். தன்னிடம் வாடிக்கையாக வருகிற வண்டிகளுக்கெல்லாம் அடிச்சேஸ் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பான், இனாமாக. ஆயுத பூஜைக்கு வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தாலும் பளபளவென்று இருக்க வேண்டும், அதுதான் அம்மனுக்குத் தன் காணிக்கை என்பான். இந்த வருஷம் இரண்டு நாளில் பதினான்கு வண்டி. இந்த வேனுக்கு எர்த் ஒயர் மாற்றக் கழற்றியிருந்தான். கழற்றின இடத்தையும் சேர்த்துப் பூசி, காய்வதற்குள் போல்ட்டை முறுக்கிவிட்டிருக்கிறான். பாலன் அடுத்த நாளே பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு எடுத்துப்போனான். போகும்போது மகேந்திரனின் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டும் போனான்.

எட்டுகிற தூரத்தில்தான் உப்புத்தாள் கிடந்தது. இரண்டு நிமிஷம் தேய்த்தால் போதும், விளக்கு இனி அணையாது. கை அதன் பக்கம் போயிற்று. யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படித்தான் அவன் மனசு சொன்னது, பொய் சொல்வானேன்.

"என்ன தம்பி அது? என்ன காரணம்?" சேகரன் கண்ணைத் துடைத்தபடி குனிந்தார்.

"எர்த்துங்க" என்றான். வண்டிக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தான்.

"ஏனப்பா, ஆயித்தா?" என்று, வேலை முடிந்துவிட்டதா எனக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே பாலன் உள்ளே வந்தான். நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சேகரனைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது. "இவரு எதுக்கு இங்க?"

மகேந்திரன் சேகரனை ஹாரனில் கை வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி படுத்தான். ஹாரன் கத்தியது, கர்ரென்று நின்றது, விளக்கு அணைந்தது. பாலன் திகைத்துப் போனான். அவனே சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் குனிந்து, டார்ச் வெளிச்சத்தில் போல்ட்டைப் பார்த்தான்.

"பெயிண்ட் அல்லவா இது? அட, டிங்கரிங் பண்ணின பசங்க வேலை! போன வாரம் முன்னாடி பூரா அடிச்சாங்களே, சேஸுக்கும் சேத்துத் தீட்டிட்டானுங்க. சும்மா என்னைக் குழப்பாத மகேந்திரா. இது ஆக்சிடெண்டுக்கு அப்புறம் வந்த கோளாறு. அன்னிக்கு இது எங்க இருந்துச்சு?"

சேகரன் முகத்தில் சற்று முன்னால் வந்த உயிர் அப்படியே வடிந்துபோனது. "அப்படியும் இருக்குமோ என்னவோ" என்றார் தரையைப் பார்த்து.

மகேந்திரனுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"இல்லைங்ண்ணா. அவுங்க ஸ்ப்ரே அடிப்பாங்க. இது பிரஷ்ல அடிச்சது. நான் அடிச்சது. ஆயுத பூஜைக்கு முந்தின நாளு. போல்ட்டுக் கழட்டின எடத்தச் சொரண்டாம மூடினது நான்தானுங்க." சேகரன் பக்கம் கையைக் காட்டினான். "அன்னிக்கு அவரு வண்டிய எடுக்கறப்பவே இது இப்படித்தான் இருந்துச்சு."

சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு காத்திருந்தது. பாலன் நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"பதினோரு பேருடா" என்றான். "உன்ன நம்பித்தானடா என் நாலு வண்டியும் இங்க விட்டேன்."

"தெரியுங்ண்ணா."

"தெரிஞ்சு என்ன பண்ண? சங்கத்துத் தீர்மானத்துல இருந்து இவரு பேர எடுத்துடறேன். ஆனா உன் பேரச் சொல்லுவேன். மறைக்கமாட்டேன்."

"சொல்லுங்க."

பாலன் சேகரனிடம் போய் நின்றான். அவருடைய நல்ல தோளை ஒரு தரம் தொட்டுவிட்டு வெளியே போனான். வேனைக்கூட எடுக்கவில்லை.

ஷெட்டில் இரண்டு பேர்தான் மிச்சம். மன்னிப்புக் கேட்க மகேந்திரன் வார்த்தை தேடினான். பதினெட்டு வருஷமாக ஊரிலுள்ள மெக்கானிக்கையெல்லாம் கிழித்துத் தொங்கவிட்ட வாய்க்கு அது அகப்படவில்லை. சேகரன் திட்டினாலாவது தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. வலக்கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, எண்ணை அழுத்தி, அவனிடம் நீட்டினார்.

"வடிவுகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா."

"அக்கா, நான் மகேந்திரன் பேசறனுங்க" என்றான். "அண்ணன் தூங்கலீங்க. லைட்டு நெசமாவே போயிருக்குது. நான் செஞ்ச வேலைல தப்பு. அவரு மேல ஒண்ணுமே இல்லீங்க்கா."

வடிவு அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாள்.

"தூங்கலையா?"

"இல்லீங்க்கா."

"அய்யய்யோ, நான் அந்த மனுசன ஒரு மாசமா இதயே கேட்டுக் கேட்டுச் சாவடிச்சனே..." என்று வடிவு அழுதாள். "போன அவருகிட்டக் குடுங்க. ஒடனே குடுங்க."

மகேந்திரன் போனை நீட்டினான். சேகரன் அதை வாங்கவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்துவிட்டு, டயரின் மேல் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"ஏனுங்க, கேக்குதுங்களா? ஏனுங்க?" என்று வடிவு கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மகேந்திரன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.