யட்சிக்கு நான் சொன்ன சாட்சி

கடவுள் இல்லை என்று நான் சொன்னால் அதற்கு அது ஒன்றுதான் அர்த்தம். எங்கள் ஊர் அதிலிருந்து பத்து அர்த்தம் எடுத்துக்கொள்ளும். நான் கட்சிக்காரி, கண்டதையும் தின்பவள், சாவு வீட்டில் அழாதவள், எல்லாவற்றுக்கும் மேலாக எதற்கும் பயப்படாதவள். இந்தக் கடைசிப் பட்டம்தான் தொல்லை. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் முதலில் என்னைத்தான் உள்ளே அனுப்புவார்கள். எனக்குப் பல்லி என்றால் பயம். காரக்கோணம் ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி போட ஒரு நர்ஸ் போதாது. அதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

போன வருஷம் என் அண்ணன் எங்கள் வீட்டை ஒட்டிய தன் மனையில் வீடு கட்ட ஆரம்பித்தான். கார் கொட்டகைக்கு ஒதுக்கிய மூலையில் ஓர் ஏழிலைப்பாலை மரம் நின்றது. பாலை மரத்தில் யட்சி குடியிருப்பாள், தொட்டவனை விடமாட்டாள் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பனச்சமூட்டிலிருந்து வந்த மரம்வெட்டிகள் அதைப் பார்த்ததும், சாயா குடித்துவிட்டு வாறோம் என்று போனார்கள். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் சமையலறை ஜன்னலுக்கு நேரே அந்த மரம். ஐப்பசியில் பூத்தால் மீன் பொரிக்கிற வாடையைக்கூட அந்த மணம் ஜெயித்துவிடும். அதை வெட்டப்போகிறான் என்று கேட்டதும் அவனிடம் போய் நின்றேன். கொட்டகையை மறுபக்கம் போடலாமே என்றேன். வாஸ்து இடம் கொடுக்காது என்றான். பிறகு குழைந்தான்.

"முதல் வெட்டு நீ வெட்டினா போதும் மக்கா. பின்ன அவங்க வெட்டிக்கிடுவாங்க. உனக்குத்தான் விசுவாசம் இல்லியே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கம் முழுக்க வந்து, ஓடுவதற்குத் தோதான தூரத்தில் நின்றது. அண்ணி கையில் திருநீறு. கோடாலி என் பலத்துக்கு அதிகம். தூக்கியதும் கை நடுங்கியது. அப்போதுதான் நான் மாட்டிக்கொண்டது புரிந்தது. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. வெட்டினால் மரம் போகும். வெட்டாவிட்டால் இத்தனை வருஷம் சண்டை போட்டுச் சேர்த்த நாத்திகப் பெயர் போகும்.

நிமிர்ந்து பார்த்தேன். மொட்டு விட்டிருந்தது. கோடாலியைக் கீழே வைத்துவிட்டேன்.

"இங்க யட்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா நான் வெட்டமாட்டேன். எனக்கு இந்த மரம் பிடிக்கும்" என்றேன்.

நடுவில் சொன்னது மட்டும்தான் எல்லார் காதிலும் விழுந்தது. அண்ணன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "கை நடுங்கினத கண்டீங்களா? இவளே பயந்துட்டா. அப்ப யட்சி உள்ளதாக்கும்" என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மரத்தடியில் ஒரு விளக்கு எரிந்தது. பிறகு செவ்வரளி மாலை, சிவப்புப் பட்டு. கொட்டகை மறுபக்கம் போயிற்று. வாஸ்து ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பூவாரிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். அம்பலத்துப் படி மிதிக்காத, சாமி கும்பிடாத என் தங்கச்சியின் கையே அந்தரத்தில் நின்றுவிட்டது என்று அண்ணன் அவர்களுக்குக் கதை சொல்கிறான். நூறு பக்தர்கள் கும்பிட்டாலும் வராத மதிப்பு, ஒரு நாத்திகக்காரி பயந்தாள் என்றதும் யட்சிக்கு வந்துவிட்டது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றுமில்லை என்று கத்த வாயெடுப்பேன். மரத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்வேன்.

போன வாரம் அண்ணன் அடுக்களைப் பக்கமாக வந்தான். மகனுக்கும் ஒரு கார் வாங்கப்போகிறானாம். இன்னொரு கொட்டகைக்கு அந்த மூலையைத் தவிர வேறு இடமில்லையாம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உள்ளதச் சொல்லு மக்கா. அண்ணைக்கு நீ அங்க ஏதாவது கண்டியா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரம் முழுக்கப் பூத்திருந்தது.

"நான் இண்ணைக்கும் வெட்டமாட்டேன் அண்ணா" என்றேன்.

அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மகன் காரை ரோட்டோரமே நிறுத்திக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.