துடியலூருக்கு வந்த பொய்ப்பெட்டி

என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து உண்மை பொய் கண்டுபிடிக்க அந்த ஆண்டவனால்கூட முடியாது. டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துச் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். செக்கிங் ஏறினால் போதும், முகம் வெளிறி, எல்லாப் பாக்கெட்டையும் தடவ ஆரம்பித்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கே இந்த மனிதர் டிக்கெட் எடுத்தாரா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். சர்ச்சில் பாஸ்டர் பொதுவாக "நம்மில் சிலர்" என்று ஆரம்பித்தாலே இவர் தலை குனிந்துகொள்ளும். செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கும் பிறவி.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் ஒரு பெட்டியோடு சேர்த்துக் கட்டி, நீ திருடனா என்று கேட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. துடியலூர்ப் பக்கம் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். நான் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் இரண்டு வீட்டிலும் அதற்கு முந்தின தலைமுறை முழுக்கத் தோட்டக் கூலி. இவருடைய அப்பா பண்ணையாளாக இருந்ததே அந்தக் கம்பெனி முதலாளியின் தோட்டத்தில்தான். அந்தக் குடும்பத்தின் சாவிக்கொத்து எங்கள் ஆட்களில் ஒருவர் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சாவியைக் கொண்டுவந்து காட்டிய அன்று என் மாமனார் அதைத் தொடவே பயந்தார். வேலை என்றால் எங்களுக்குச் சம்பளம் மட்டும் இல்லை, அந்தச் சாவியும்தான்.

ஸ்டோரிலிருந்து காப்பர் கம்பிச் சுருள்கள் காணாமல்போக ஆரம்பித்தன. மோட்டாருக்குள் சுற்றுகிற கம்பி, எடைக்குப் போட்டாலே நல்ல விலை போகும். ஸ்டோருக்கு இரண்டு சாவி. ஒன்று இவரிடம். இன்னொன்று பெரிய முதலாளியின் தங்கை மகனிடம். அவர்தான் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறவர். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தங்கை மகனைச் சந்தேகப்பட்டால் தங்கை வீட்டுக்கு வரமாட்டாள். ஸ்டோர் கீப்பரைச் சந்தேகப்பட்டால் யார் வரப்போவதில்லை?

முன்பெல்லாம் ஏதாவது காணோம் என்றால் பெரிய முதலாளி எல்லோரையும் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார். எங்களைப் போல சர்ச்சுக்குப் போகிறவர்கள் பைபிளைத் தொட வேண்டும். அதற்குள் அவருடைய மகன், சின்ன முதலாளி, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்தார். அவருக்குக் கற்பூரம் காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது. மெட்ராசிலிருந்து ஓர் ஆளையும், பொய் பிடிக்கும் மெஷின் ஒன்றையும் வரவழைத்தார். கற்பூரத்துக்குப் பதில் கரண்ட். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

யோசனை சொன்னதே அந்தத் தங்கை மகன்தான். தேவையான அளவுக்குச் சத்தமாகவும் சொன்னார். "மடியில கனமிருந்தாத்தானுங்க வழியில பயம்? மொதல்ல நான் உக்காந்துக்கறேன்." உட்காரவும் செய்தார். மெஷின் போட்ட கோடு கோவில்பாளையம் ரோடு மாதிரி நேராகப் போனதாம். பல் குத்திக்கொண்டே வெளியே வந்தார். அந்தப் பழமொழியைச் சொன்னவன் ஒரு நாளும் ஏழையாக இருந்திருக்க மாட்டான். மடியில் ஒன்றுமே இல்லாதவன்தான் வழியெல்லாம் பயந்துகொண்டு போகிறான்.

அந்த அறையில் நடந்ததை இவரும், இவருக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்த ஆட்களும் பின்னால் எனக்குச் சொன்னார்கள். ஆர்மோனியம் அளவுக்கு ஒரு பெட்டி. நகர்கிற காகிதத்தில் பேனா முட்கள் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். நெஞ்சைச் சுற்றி ஒரு குழாய், விரலில் கிளிப், கையில் பிரஷர் பட்டை. பொய் சொன்னால் நெஞ்சு படபடக்கும், மூச்சு மாறும், விரல் வேர்க்கும், முள் எகிறும். இதுதான் மொத்த விஞ்ஞானமும். ஊசியைக் கையில் எடுத்தாலே வேர்க்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களெல்லாம் எந்தக் கம்பியைத் திருடினார்கள்? எங்கள் டாக்டர், உள்ளே வந்ததும் பார்க்கிற பிரஷரை எழுதவே விடமாட்டார். பத்து நிமிஷம் உட்காரவைத்து, ஊர்க்கதை பேசி, பிறகு பார்த்ததைத்தான் எழுதச் சொல்வார். ஆஸ்பத்திரியில் அந்தப் பட்டைக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான். அதையே டை கட்டிய ஆள் கட்டினால் அது அரிச்சந்திரன் ஆகிவிடுகிறது.

அந்த ஆள் முதலில் ஒரு சாதாரணக் கேள்வி கேட்பாராம். கேட்கப்படுகிறவர் உண்மை சொல்லும்போது கோடு எப்படிப் போகிறது என்று குறித்துக்கொள்வதற்கு. அதை அளவாக வைத்துக்கொண்டுதான் மற்றதெல்லாம். அவர் எல்லோரிடமும் கேட்ட அந்தக் கேள்வி: "காலையில சாப்பிட்டீங்களா?"

மெட்ராஸ்காரர், பாவம். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். "ஆச்சுங்க." கேட்கிறவர் பெரிய இடம் என்றால், வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் "ஆச்சுங்க"தான். இல்லை என்று சொன்னால் சோறு போடு என்று கேட்டது போல ஆகிவிடும். அதைவிடக் கேவலம் எங்களுக்கு வேறில்லை. காலை ஷிப்ட்டுக்கு வருகிறவர்கள் டீ டயத்தில்தான் டிபன் டப்பாவைத் திறப்பார்கள். மெஷினை வைத்ததோ அதற்கு முன்னால். உள்ளே போன அத்தனை பேரும் வெறும் வயிற்றோடு "ஆச்சுங்க, ஆச்சுங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் நான் வைத்த இட்லியைத் தொடாமல் எழுந்து போனதை நானே பார்த்தேன். அவரும் "ஆச்சுங்க" என்றார். முள் அசையவே இல்லை. அந்த மேதாவி அதைத்தான் உண்மையின் கோடு என்று பென்சிலால் குறித்துக்கொண்டார். சுத்தமான பொய்யை அளவுகோலாக வைத்துக்கொண்டு உண்மையை அளக்கக் கிளம்பிய முதல் விஞ்ஞானி அவராகத்தான் இருக்கும்.

அடுத்த கேள்வி. "ஸ்டோர்ல இருந்து காப்பர் கம்பி எடுத்தீங்களா?"

எதிரில் சின்ன முதலாளி. இவர் அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததே அன்றைக்குத்தான். அவர்கள் கேட்டதற்கு "இல்லைங்க" என்று சொன்னதும் பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான். இவருடைய அப்பா ஆயுசுக்கும் சொல்லாத வார்த்தை. முள் எகிறாமல் என்ன செய்யும்? காகிதத்தை விட்டு வெளியே போய்விட்டதாம். அந்த மெஷின் இவருடைய பொய்யைப் பிடிக்கவில்லை. இரண்டு தலைமுறைப் பயத்தைப் பிடித்தது. அதை மட்டும் சரியாகப் பிடித்தது.

மதியமே சாவியை வாங்கிக்கொண்டார்கள். தானாகவே வேலையை விட்டு நின்றுகொள்வதாக எழுதி வாங்கினார்கள். இவர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் நான் டூட்டிச் சேலையோடேயே கம்பெனிக்குப் போனேன். சின்ன முதலாளி உட்காரச் சொன்னார். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் "கொஞ்சம் தலையைத் தூக்குங்க" என்றுதான் சொல்வார்கள்.

"நான் சொல்லலீங்க சிஸ்டர். மெஷின் சொல்லுது."

"அந்த மெஷினெ நீங்க ஒருக்கா மாட்டிப் பாத்தீங்களாங்க?"

சிரித்தார். "நான் எதுக்குங்க? எங்க கம்பியெ நாங்களே திருடுவமா?"

"இன்னொரு சாவி இருக்குதுங்களே."

"அவிங்க பாஸ் ஆயிட்டாங்களே, சிஸ்டர்."

"என்னுங்க பாஸ்? எஸ்.எஸ்.எல்.சி.யா? அவருக்குப் பயமில்லீங்க, கோடு நேரா போச்சு. தப்பே செஞ்சிருந்தாலும் அவரெ யாரு என்ன பண்ணிருவாங்க? எங்க ஊட்டுக்காரரு செய்யாமயே என்ன ஆனாருன்னு பாத்தீங்கல்லங்க?"

அவர் முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை. "போலீசுக்குப் போயிருந்தா அடிச்சிருப்பாங்க. நாங்க கௌரவமா கேட்டிருக்கறோம்."

போலீசுக்கு ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். போலீஸ்காரன் முதலில் கேட்பதே அந்த இன்னொரு சாவியைத்தான். அவ்வளவு அறிவு ஏட்டுக்குக்கூட உண்டு. மனசு கேட்காமல் காந்திபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் சிரிக்கவே இல்லை. "அந்தக் காகிதம் கோர்ட்டுல நிக்காதுங்கம்மா. நிக்காதுன்னுதான் கோர்ட்டுக்கு வெளியில வெச்சுக்கறாங்க" என்றார். அவர் சொன்னதில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. கண்டுபிடிப்பதற்கு யாரும் அதைக் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே முடிவு செய்ததற்குச் சாட்சி வேண்டும். சாட்சிக்கு மாமன் மச்சான் இருக்கக் கூடாது, குறுக்கு விசாரணை இருக்கக் கூடாது. மெஷினுக்கு இரண்டும் இல்லை. அதோடு, உட்காருவதற்கு முன்னாலேயே பயந்து பாதிப் பேர் எதையாவது உளறிவிடுவார்கள். டூலை மூடிவைக்கும் துணியை வீட்டுக்குக் கொண்டுபோனதாக ஒரு லேத்துக்காரர் அழுதே விட்டாராம். அதையும் மெஷின் பிடித்த கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஊரில் யாரும் இவரை நேரடியாகத் திருடன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். "மெஷின்லயே தெரிஞ்சுபோச்சாமே" என்றார்கள். பக்கத்து வீட்டில் பேங்க்கில் வேலை பார்க்கிறவர், படித்தவர், அவரும் அதையேதான் சொன்னார். கிளி ஜோசியத்தைப் பார்த்துச் சிரிக்கிற மனிதர். கிளிக்கு பிளக் இல்லாததுதான் குறை போலிருக்கிறது.

இதையெல்லாம்விட எனக்கு ஆத்திரம் வந்தது வீட்டுக்குள் நடந்ததற்கு. ஒரு நாள் சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏனம்மிணி, ஒருவேளெ நானே எடுத்துப்போட்டு மறந்துட்டனோ?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "காப்பர் சுருள் என்னுங்க கர்ச்சீப்பா, மறந்தாப்புல பாக்கெட்டுல போட்டுட்டு வாரதுக்கு? தூக்கறதுக்கே ரெண்டாள் வேணும்!" என்று கத்தினேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "இல்ல, அத்தன பெரிய மெஷினு..." என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அந்தப் பெட்டி என் கையில் கிடைத்திருந்தால் அரிசி களைந்த தண்ணீரை அதன் தலையிலேயே ஊற்றியிருப்பேன்.

இவர் நின்ற பிறகும் கம்பி போய்க்கொண்டேதான் இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் உடுமலைப்பேட்டையில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் கம்பெனி முத்திரை போட்ட சுருள்கள் அகப்பட்டன. கடை தங்கை மகனின் சிநேகிதருடையது. எடுத்துக்கொடுத்தது தங்கை மகனேதான், அவரே பிறகு ஒப்புக்கொண்டார். எந்த மெஷினும் வரவில்லை. பெரியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து காப்பி குடித்துப் பேசி முடித்தார்கள். எங்கள் ஆள் எடுத்தால் திருட்டு, தங்கை மகன் எடுத்தால் விளையாட்டுப் புத்தி. அவருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கம்பெனி பம்பு விற்கிற ஏஜென்சி வைத்துக் கொடுத்தார்கள். எங்களுக்குச் சூப்பர்வைசரிடம் சொல்லி அனுப்பினார்கள்: நடந்ததை மனசில் வைத்துக்கொள்ளாமல் வரச் சொன்னார்களாம். மன்னிப்பு என்ற வார்த்தை வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது போல.

நான் போக விடவில்லை. அவரும் போகிறேன் என்று சொல்லவில்லை. சரவணம்பட்டியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் பார்க்கச் சேர்ந்தார். நல்ல ஓனர். யாரையும் வாசலில் சோதிக்கிற வழக்கமே அங்கே கிடையாது.

சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காக அவர் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு நான் அந்த கேட்டில் போய் நின்றேன். ஆட்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பேசியபடியே வெளியேறினார்கள். இவர் மட்டும் வாட்ச்மேன் முன்னால் வந்து நின்றார். பையைத் திறந்தார். டிபன் டப்பாவை எடுத்து மூடியைக் கழற்றிக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களாவது சொல்லுங்கக்கா. இங்க யாரையும் செக் பண்றதில்லீங்க. வேண்டாம்னாலும் அண்ணன் தெனமும் இப்படித்தான் நிக்கறாருங்க."

நான் டப்பாவைப் பிடுங்கிப் பையில் போட்டேன். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். உங்களுக்குச் சூடு சொரணை இல்லையா, எவனோ எங்கேயோ கேட்டதற்கு இன்னும் எவனிடமோ காட்டிக்கொண்டிருக்கிறீர்களே என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"அவருக்குக் காட்டறதில்ல அம்மிணி. எடுத்துட்டு வந்துட்டனான்னு நாந்தான் பாத்துக்கறேன்" என்றார்.