தராசுத் தட்டில் சந்தனப் பொட்டு

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டேன். சன்னம், வெடிமருந்து என்று எங்கள் வீட்டுக் கதையில் வந்தால் சனம் வேறு மாதிரி நினைக்கும். இன்று விளக்கேற்றி முருகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத இருக்கிறேன்.

ஊரில் சண்டை முடிந்து இரண்டு வருடம் இருக்கும். நாடு விட்டு வந்து மெரிலேண்ட்ஸில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா வேலைத்தலத்து நண்பரோடு ஞாயிறுகளில் குறி சுடும் கழகத்துக்குப் போவார். தோட்டாக்களைக் கராஜில் தானே அடைப்பார். வெற்றுப் பித்தளைக் கோதுக்குள் மருந்தைச் சின்னத் தராசில் நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தை, அதுதான் பாயும் குண்டை, பொருத்தவேண்டும். அந்த நேரம் ஃபேன் ஓடக்கூடாது, நான் தும்மவும் கூடாது.

"எல்லாம் ஒரே நிறையா இருந்தாத்தான் பிள்ளை, ஒரே இடத்தில போய்ப் படும்" என்பார். கறிக்கு உப்புப் போடும்போது மட்டும் அவருக்கு எந்த நிறையும் இல்லை.

அம்மா கராஜ் பக்கமே போகமாட்டார்.

அந்த முறை சரஸ்வதி பூசைக்கு என் புத்தகங்கள், அம்மாவின் தையல் மெஷின் இவற்றோடு அப்பாவின் தராசும் சாமித்தட்டின் முன்னால் இருந்தது. அடுத்த ஞாயிறு போட்டி. கழக அணியில் அப்பாவை முதல் தடவையாகச் சேர்த்திருந்தார்கள். சனிக்கிழமை காலை முழுக்க இருந்து அடைத்தார். முடிந்தபின் தராசைச் சோதித்தால் முள் தள்ளி நின்றது. தட்டின் அடியில் அம்மா வைத்த சந்தனப் பொட்டு, காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. உதிர்வதற்கு முன் அடைத்தது எது, பின் அடைத்தது எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே பெட்டிக்குள் கலந்து கிடந்தன.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அம்மா கராஜ் வாசலிலேயே நின்றார்.

"ஓம், நான்தான் வச்சனான். ஆரிலயும் படக்கூடாது எண்டு கும்பிட்டு வச்சனான்."

"அம்மா, அது சும்மா பேப்பருக்குத்தானே சுடுறது" என்று நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு தோட்டாவாகச் சன்னத்தைக் கழற்றி, மருந்தைக் கொட்டினார். நண்பருக்குப் போன் எடுத்து, நாளைக்கு வரவில்லை என்றார்.

நிறை பிழைத்ததால்தான் போகவில்லை என்று நினைத்தேன். தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி அடைக்கப் பின்னேரம் முழுதும் கிடந்தது. அது அந்த வயதில் எனக்குப் படவில்லை. சண்டையின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் அம்மாவின் தம்பி, என் சின்னமாமா, சன்னம் பட்டுத்தான் இறந்தார் என்று என் கலியாணத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னார்.

இதை யாருக்காவது சொல்வதென்றால் இருந்தபடியே சொல்லுங்கள். அம்மாவைப் பயந்தவராகவும், அப்பாவைத் தோற்றவராகவும் ஆக்கிவிடாதீர்கள்.