இறக்கம் பார்த்து நின்ற வண்டி

கள்ளக்குறிச்சி கடைவீதியில் என் பழைய காரின் சாவியை மறுபடி மறுபடி திருப்புகிறேன். டிக், டிக், டிக். பேட்டரி தீர்ந்திருக்கிறது.

எனக்கு ஒன்பது வயதில், வெள்ளிமலையில், இதே சத்தம். நர்ஸ் படிப்பில் சேர அக்கா அன்று சேலம் போயாக வேண்டும். அவள் போகக் கூடாதென்று, தார்ப்பாய் மூடிய அப்பாவின் வாடகைக் காரில் உள்விளக்கை முந்தின நாளே எரியவிட்டிருந்தேன்.

"டைனமோவுக்கு இன்னா கேடு? நேத்து நல்லாத்தான சார்ஜ் ஏத்துச்சு!" பானெட்டுக்குள் தலையை விட்டு அப்பா கத்தினார். உள்ளே உட்கார்ந்திருந்த அக்கா உள்விளக்கின் சுவிட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவிட்சை அணைத்தாள்.

அப்பா எப்போதும் இறக்கம் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார். அதை நான் மறந்திருந்தேன். இரண்டு பேர் தள்ளியதும் வண்டி உருண்டு, உறுமிக் கிளம்பியது.

அக்கா ஜன்னல் வழியே கை நீட்டி என் காதைத் திருகினாள்.

"அப்பாகிட்ட சொல்லமாட்டண்டி. லீவுக்கு வந்துட்டு நான் கெளம்பும்போது, இன்னொரு தபா அந்த லைட்ட போட்டு வை."